சிவப்பு ஐசியோடு போய் வீடு திரும்புகிறவர்களுக்காக: உள்துறை அமைச்சுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கும், குடிநுழைவுத் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாரமும் (படிவம்) நிரப்பித் தர வேண்டியிருக்கும். பள்ளிக்கூடப் பதிவு, சொக்சோ தொழிலாளர் காப்புறுதி, ஈபிஎஃப் சேமநிதி, மின்சாரக் கணக்கில் பெயர் மாற்றுவது என்று எல்லாமே இந்த மேசைக்கு வரும். எதற்கும் ஒரு வழி சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரக் குடியிருப்பாளருக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து "இந்தியாவுக்குப் போய் வரணும், என்னென்ன பத்திரம் வேணும்?" என்று கேட்டால் மட்டும் எனக்கு மனசு பதறும். ஏனென்றால் அவர் பெரும்பாலும் டிக்கெட் எடுத்த பிறகுதான் வருகிறார்.

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள் வெளிநாடு போய்த் தங்கள் வீட்டுக்குத் திரும்ப என்னென்ன பத்திரங்கள் தேவை என்பதை, அவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே, அவர்களுக்குப் புரிகிற மொழியில், அவர்கள் குடியிருக்கும் ஊரிலேயே தெரியப்படுத்துங்கள். சாவு நேர்ந்து அவசரமாகப் போகிறவர்களுக்கு அந்தப் பத்திரங்கள் அன்றைக்கே கிடைக்க ஒரு வழி செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் இத்தனை அழுத்தமாகக் கேட்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் சிவப்பு ஐசிக்காரர்கள் இரண்டு விதமானவர்கள். ஒரு சாரார் தமிழ்நாட்டில் பிறந்து, தாயின் இடுப்பில் கைக்குழந்தையாகவோ, கழுத்தில் தாலியோடோ இங்கே வந்தவர்கள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதையை இன்றைக்கும் சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. இவர்களிடம் இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருக்கும். இன்னொரு சாரார் இந்தத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டிருப்பார்கள், எடுத்தது லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) தீப்பிடித்தபோது எரிந்திருக்கும், குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் சிவப்போடு நின்றுவிட்டவர்கள். இவர்களுக்கு எந்த நாட்டுக் கடப்பிதழும் கிடையாது. தமிழ்நாட்டை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். குலதெய்வக் கோயிலைச் சாவதற்குள் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

இரண்டு சாராருமே விடியற்காலையில் எழுந்து பால் மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீல ஐசிக்காரர்கள், அதாவது குடிமக்கள். வீடு என்று அவர்கள் சொன்னால் அது இந்த ஊரில் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் வீடுதான். ஆகவே விமானத்தில் வீட்டுக்குப் போவது என்றால் அவர்களுக்கு அது இங்கே திரும்பி வரும் பயணம். சிக்கல் வருவதும் அந்தப் பயணத்தில்தான்.

பத்திரங்களுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இந்த மடலை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிவப்பு ஐசி அடையாள அட்டை மட்டுமே. பயணப் பத்திரம் ஆகாது. அதை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. முதலாவது, ஒரு கடப்பிதழ் வேண்டும். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள், திரும்பி வரும் நாளிலும் அதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆயுசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நாட்டுக் கடப்பிதழும் கிடைக்காதவர்களுக்குக் குடிநுழைவுத் துறையே சிஐ என்ற அடையாளச் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்கிறது. கடப்பிதழுக்குப் பதிலாக அதைக் கொண்டு பயணம் செய்யலாம். இரண்டாவது, மறுநுழைவு பெர்மிட். நிரந்தரக் குடியிருப்பாளர் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி அது. 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத பத்திரம் இதுதான். மூன்றாவது, போகிற நாட்டின் விசா. இந்தியக் கடப்பிதழ் உள்ளவருக்கு இந்தியா போக விசா வேண்டாம். சிஐ வைத்திருப்பவருக்குக் கட்டாயம் வேண்டும். அதையும் இணையத்தில் எடுக்க முடியாது. இந்தியாவின் இ-விசா கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான். மற்ற பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள் தூதரகத்தின் வழியாகத்தான் விசா வாங்க வேண்டும். நீல ஐசிக்காரப் பேரன் கைப்பேசியில் தனக்கு இ-விசா எடுத்துவிட்டு, அதே மாதிரி தாத்தாவுக்கும் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறான். அங்கேதான் குடும்பமே தடுக்கி விழுகிறது.

இடையில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுகிற மலிவு டிக்கெட்டாக இருந்தால் அந்த நாட்டு விதியும் சேர்ந்துகொள்ளும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நேரடி விமானத்தில் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இனி எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஒரு பாட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த விமான நிறுவனம், எந்த விமான நிலையம் என்று எழுதவில்லை. ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பாட்டியின் அண்ணன் தவறிவிட்டார். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். செய்தி வந்த மறுநாளே பாட்டி புறப்பட்டுவிட்டார். இந்தியக் கடப்பிதழ் கையில் இருந்தது. காலாவதிக்கு இன்னும் வருஷக்கணக்கில் இருந்தது. அதற்குள் ஒட்டியிருந்த மறுநுழைவு பெர்மிட்டும் போகும் நாளில் செல்லும்படியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து வருவதாகத் திட்டம். கருமாதி முடிந்தது, பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். அந்த இடைவெளியில் பெர்மிட்டின் தேதி முடிந்துவிட்டது.

திரும்பும் நாளில் விமான நிலைய முகப்பில் "மலேசியா விசா எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி நகைக்கடைப் பை ஒன்றில்தான் பத்திரங்களை வைத்திருப்பார். பழைய கடப்பிதழ், புதுக் கடப்பிதழ், ஐசி, மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கும். அதிலிருந்து சிவப்பு ஐசியை எடுத்து நீட்டினார். முகப்பில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அடையாள அட்டை, விசா இல்லை என்று சொல்லிவிட்டார். பெர்மிட் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், தேதி கடந்திருந்தது. அப்புறம் மேலாளர் ஒருவர் வந்து, உதவி செய்வதாக நினைத்து ஒரு யோசனை சொன்னார்: "இந்தியக் கடப்பிதழ்தானே, முப்பது நாளைக்கு விசா வேண்டாம். இந்தியாவுக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட் எடுங்கள், டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள், சுற்றுலாப் பயணியாக ஏற்றிவிடுகிறோம்."

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் நம் நாட்டுக்கு வரலாம். நல்ல விஷயம். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்து போக எங்களுக்கும் வசதியாக இருக்கிறது. ஆனால் ஏழு வயதில் பினாங்கில் இறங்கி, இந்த மண்ணில் பால் வெட்டி, ஐந்து பிள்ளை பெற்று, புருஷனை இங்கேயே புதைத்த ஒரு பெண்மணி, தன் வீட்டுக்கு வருவதற்காகச் சுற்றுலாப் பயணியாக முத்திரை வாங்க வேண்டுமா? அப்படி வந்தால் அவருடைய நிரந்தரக் குடியிருப்பு என்ன ஆகும் என்று அந்த மேலாளருக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. பாட்டியின் மகன் கடை மூடிய நேரத்தில் என்னிடம் வந்து வாட்ஸ்அப்பில் வந்த ஸ்டிக்கரின் படத்தைக் காட்டினார். சுற்றுலாப் பயணியாக ஏற வேண்டாம், அந்தப் பெயரில் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பின்னால் அதை நேராக்குவது பெரிய பாடாகிவிடும் என்று சொன்னேன். விமானம் போய்விட்டது. டிக்கெட் பணமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு பாட்டி பேருந்தில் சென்னைக்குப் போய், ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, அங்குள்ள மலேசியத் துணைத் தூதரகத்தை அணுகினார். மகன் இங்கே ஈப்போவில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒருவழியாக வேலை முடிந்து பாட்டி வந்து சேர்ந்தார். கோலாலம்பூரில் இறங்கியபோது முத்திரை போட்ட அதிகாரி "மாக்சிக், சலாமாட் பாலேக்" (அம்மா, நல்லபடியாக வீடு திரும்பினீர்கள்) என்று மலாயில் சொல்லி, கைப்பையைத் தூக்கிக் கொடுத்தாராம். பாட்டி அதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். உங்கள் அதிகாரிகளிடம் மனசு இருக்கிறது. அந்த மனசு விமானம் இறங்கிய பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கிறது. ஏறும் இடத்தில் இருப்பவர் விமான நிறுவனத்து ஊழியர்.

அந்த ஊழியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அனுமதி இல்லாதவரை ஏற்றி வந்தால் அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் டைமேட்டிக் என்ற உலகப் பயண விதித் தொகுப்பில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். அதில் தெளிவாக இருந்தால் ஏற்றுவார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துவார்கள். டிஜிட்டல் வருகை அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டினர் அதை நிரப்ப வேண்டும் என்று விதி வந்தபோதே, மலேசிய நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு அது தேவையில்லை என்று நீங்கள் விலக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் கையில் இந்தியக் கடப்பிதழைப் பார்த்ததும் "அட்டை நிரப்பியாச்சா?" என்று கேட்டு, இல்லை என்றால் வரிசையை விட்டு ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள். கைப்பேசியில் எழுத்துக்கூட்டவும் தெரியாத ஒருவர் அங்கே நின்று யாரிடம் விளக்குவார்?

பழைய கடப்பிதழ், புதுக் கடப்பிதழ் விஷயமும் இப்படித்தான். கடப்பிதழ் புதுப்பித்தவர்களுக்குப் பெர்மிட் பழைய புத்தகத்தில் ஒட்டியிருக்கும். காலாவதியான புத்தகம்தானே என்று அதை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. புதுக் கடப்பிதழ் வாங்கிய கையோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பெயரும் ஒரு தொல்லை. ஐசியில் ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரோடு இருக்கும். இந்தியக் கடப்பிதழில் ஏ/பி இருக்காது, அப்பா பெயரின் எழுத்தும் ஒன்றிரண்டு மாறியிருக்கும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர்கள் அல்லவா. டிக்கெட் எந்தப் பெயரில் எடுப்பது என்று கேட்டால், கடப்பிதழில் இருக்கிறபடி எடுங்கள், ஐசியையும் மறக்காமல் கூடவே வைத்திருங்கள் என்று சொல்கிறேன்.

அடையாள அட்டைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தின் பெயர் அப்படித்தான் சரித்திரப் புத்தகத்தில் ஏறியது. அதையொட்டி, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் மலாயாவில் அறிவித்த அவசரகாலம் வந்தது. அவசரகாலத்தோடு 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படம் பிடித்து, கைரேகை வைத்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. அன்றைக்கு வரிசையில் நின்று பெருவிரலை மையில் அழுத்தியவர்களின் பிள்ளைகள்தான் இன்றைய சிவப்பு ஐசிக்காரர்கள். அரசாங்கம் நில் என்ற இடத்தில் நின்றார்கள், அழுத்து என்றபோது விரலை அழுத்தினார்கள். குடியுரிமைக்குத் தனியாக மனுப் போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பார்கள்.

1957-இல் சுதந்திரம் வந்தது. சுதந்திர நாளன்றும் அதன் பிறகும் இங்கே பிறந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் வரை பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்து குடியுரிமை இல்லாதிருந்தவர்கள் பத்திரங்களோடு போய்ப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பலர் பதியவில்லை. பிறகு 1968-இல் குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் லயத்திலேயே பாதி வீடுகள் காலியானதாக அம்மா சொல்லுவார். பாட்டியின் அண்ணனும் அப்போது போனவர்தான். இன்றைக்கு இந்தப் பெரியவர்கள் துக்கத்துக்குப் போகும் வீடுகள் அப்போது பிரிந்து போன வீடுகள். இந்தியப் பயணம் இவர்களுக்கு உல்லாசம் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதையெல்லாம் எழுதுகிறேன்.

போகாமல் நின்றவர்கள் இந்த மண்ணை நம்பித்தான் நின்றார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல் காலத்தில், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அந்தப் பங்குப் புத்தகத்தை நகலெடுக்க என் கடைக்குக் கொண்டு வந்தவர்களில் சிவப்பு ஐசிக்காரர்களும் இருக்கிறார்கள். அட்டை பழுப்பேறி, முனை மடங்கி, ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் கிராணியின் சின்னக் கையெழுத்து. அதை நகலெடுக்கும்போது கண்ணாடி மேல் மெதுவாகத்தான் வைப்பேன்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

உங்கள் துறையின் வலைத்தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எங்கள் பெரியவர்கள் பலருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் உண்டு. ஒரு பக்கத்துக்கு மிகாமல், பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுங்கள். சிவப்பு ஐசி மட்டும் போதாது, கடப்பிதழோ சிஐயோ வேண்டும், மறுநுழைவு பெர்மிட்டின் தேதி திரும்பும் நாளையும் தாண்டி இருக்க வேண்டும், சிஐ என்றால் இந்திய விசாவைத் தூதரகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், பழைய கடப்பிதழைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். இந்த ஐந்து வரி போதும். ஈப்போவில் உள்ள உங்கள் அலுவலகத்தில் மட்டும் வைத்தால் எங்களுக்கு வந்து சேராது. அடையாள அட்டை கொடுக்கும் தேசியப் பதிவிலாகாவின் முகப்பிலும், எங்கள் ஊர்க் கோயில்களிலும், கிளினிக்கிலும், டிக்கெட் விற்கும் கடைகளிலும் ஒட்டுங்கள். டிக்கெட் கடையில் ஒட்டுவதுதான் முக்கியம். பணம் கைமாறுவதற்கு முன் கண்ணில் படும் கடைசி இடம் அது.

சிவப்பு ஐசி புதுப்பிக்கப் பதிவிலாகாவுக்குப் போகும் நாளிலேயே "உங்கள் மறுநுழைவு பெர்மிட் எப்போது முடிகிறது?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டு துறையும் ஒரே அமைச்சின் கீழ்தான் இருக்கின்றன. ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரிய வைப்பது உங்களால் முடியாத காரியம் இல்லை.

நடக்க முடியாதவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் பதிவிலாகா மெக்கார் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து அடையாள அட்டை வேலையை முடித்துக் கொடுக்கிறது. மனதார நன்றி சொல்கிறேன். அதே மாதிரி குடிநுழைவுத் துறையும் தோட்டப்புற ஊர்களுக்கு ஒரு நடமாடும் முகப்பை அனுப்பலாம். இங்கிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், காரில் போகிறவருக்குத் தூரமே இல்லை. முழங்கால் தேய்ந்த எழுபத்தைந்து வயதுக்காரர் பேருந்து மாறிப் போய், நம்பர் எடுத்து உட்கார்ந்து, ஒரு நகல் குறைகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்டுத் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது சாவு. எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டுக்கு நாள் பார்த்துப் போக முடியாது. பிணம் எடுப்பதற்குள் போக முடியாவிட்டாலும் காரியத்துக்காவது போய்ச் சேர வேண்டும். இறப்புச் செய்தியைக் காட்டினால் மறுநுழைவு பெர்மிட்டையும் சிஐயையும் அன்றைக்கே, விடுமுறை நாளானாலும், கொடுக்க மாநிலத்துக்கு ஒரு முகப்பு வையுங்கள். அதோடு விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) வழியாக இந்தியத் தூதரகத்திடம் பேசி, சிஐ வைத்திருப்பவர்களுக்குத் துக்க காரியங்களுக்கான விசாவைச் சீக்கிரம் கொடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கடிதத்துக்கு நகராத கோப்பு உங்கள் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நகரும்.

திரும்பும் வழியில் சிக்கிக்கொள்கிறவர்களுக்காக, விமான முகப்பு ஊழியர்கள் எந்த நேரத்திலும் அழைத்துக் கேட்கக்கூடிய ஓர் எண் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் விமானங்களில் பல இரவில்தான் புறப்படுகின்றன. அந்த நேரத்தில் அலுவலகம் எதுவும் திறந்திருக்காது. ஐசி எண்ணைச் சொன்னால், "ஆம், இவர் எங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர், ஏற்றுங்கள், இறங்கியதும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். தேதி கடந்த பெர்மிட்டுக்கு அபராதம் போடுவதானாலும் இங்கே வந்த பிறகு போடுங்கள். டைமேட்டிக்கில் நிரந்தரக் குடியிருப்பாளர் பற்றிய விதியை, படிக்கிறவர் குழம்பாதபடி எழுதச் சொல்லி அனுப்புவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பெர்மிட்டின் காலத்தையும் யோசியுங்கள். அறுபது வயதைத் தாண்டிய நிரந்தரக் குடியிருப்பாளருக்கு, கடப்பிதழின் ஆயுசு எவ்வளவோ அவ்வளவுக்கும் மறுநுழைவு பெர்மிட் கொடுத்துவிட்டால், இந்த மடலில் பாதி தேவையில்லாமல் போயிருக்கும். பார்க்க வேண்டிய தேதி ஒன்றுதான் என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். குடிமக்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடப்பிதழ்க் கட்டணத்தைப் பாதியாக்கி 100 ரிங்கிட்டுக்குக் கொடுக்கிறீர்கள். வயதுக்கு மரியாதை கொடுக்கும் அந்த மனசு சிவப்பு ஐசிக்காரர்கள் வரைக்கும் நீளட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது குடியுரிமைதான், அதை எழுதாமல் விட்டால் நான் முழுக்க எழுதியதாக ஆகாது. 2018-இல், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது எங்கள் ஊரில் சந்தோஷம் தாங்கவில்லை. மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காத்திருக்கும்போதே கண்மூடியவர்களும் இருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடியுரிமை கேட்பவருக்குப் போதிய மலாய் அறிவு வேண்டும் என்கிறது. வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பசாரில் மீன் பேரம் பேசி, மலாய்க்கார அண்டை வீட்டாரோடு பெருநாள் பலகாரம் மாற்றிக்கொண்டு வாழ்ந்த எண்பது வயதுப் பெண்ணின் மலாயைப் பரீட்சைத் தாளில் அளக்காமல், பேசவிட்டுக் கேட்டு முடிவு செய்யுங்கள். நீல ஐசி கிடைத்துவிட்டால் அவருக்கு மறுநுழைவு பெர்மிட்டே தேவைப்படாது.

அது வரும்வரை வரட்டும். தாளும், தொலைபேசி எண்ணும், நடமாடும் முகப்பும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தைத் திருத்தாமலே செய்யக்கூடியவைதான் அவை.

நடமாடும் முகப்பை அனுப்புவதாக முடிவு செய்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். மற்ற நாளில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், பெரியவர்களை அழைத்து வர ஆள் இருக்காது. கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தரலாம். தமிழில் விளக்கிச் சொல்லவும் பாரம் நிரப்பவும் நான் வருகிறேன், படித்த பிள்ளைகள் நாலைந்து பேரையும் கூட்டி வருகிறேன். நகல் இயந்திரத்தையும் மண்டபத்துக்கே கொண்டுவந்துவிடுகிறேன். அன்றைக்கு எடுக்கும் நகலுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் போட்டோஸ்டாட் கடைக்காரி